‘அவன் தப்பாக எதுவும் எழுதவில்லையே’: இணையவழிப் பின்தொடர்தல் – வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

சென்ற இதழில் குடும்ப வழக்கு ஒன்றைப் பற்றிப் பதில் எழுதியபோது, இணையவழிப் பின்தொடர்தலைக் குறித்து இரண்டே வரி சேர்த்திருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முன்பு எங்களோடு பணியாற்றி, விலகிப்போன ஒருவர் எட்டு மாதங்களாக எனக்குச் செய்தி அனுப்புகிறார். ‘காலை வணக்கம்’, ‘சாப்பிட்டாயா’, ‘இன்று அந்த நீலச் சுடிதார் உனக்கு நன்றாக இருந்தது’ என்பவை போன்ற செய்திகள்தான். ஆபாசமாகவோ மிரட்டலாகவோ ஒரு சொல்கூட இல்லை. எண்ணை பிளாக் செய்தால் வேறு எண்ணிலிருந்து வருகிறார். இன்ஸ்டாகிராமில் மட்டும் ஐந்து கணக்குகளை பிளாக் செய்துவிட்டேன். வீட்டில் சொன்னால், ‘அவன் தப்பாக எதுவும் எழுதவில்லையே, கண்டுகொள்ளாமல் விடு’ என்கிறார்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
– வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் பெரிதுபடுத்தவில்லை, சகோதரி. அந்த நீலச் சுடிதார் வரியை மட்டும் உங்கள் வீட்டார் மறுபடி ஒருமுறை படிக்கட்டும். ‘நீ என்ன உடுத்தினாய் என்பது எனக்குத் தெரியும்’ என்று உங்களுக்கு அறிவிக்கும் வரி அது. வீட்டார் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் காலை வணக்கத்தில் என்ன குற்றம் இருக்க முடியும்? எட்டு மாதம், மாறி மாறி வந்த எண்கள், பிளாக் செய்யச் செய்ய முளைத்த ஐந்து கணக்குகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி அவர்கள் முன் வையுங்கள். பின்தொடர்தல் என்னும் குற்றத்தின் உயிர் செய்தியின் சொற்களில் இல்லை, அது விடாமல் வருவதில் இருக்கிறது.

சட்டமும் அதையே பார்க்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 2013-ஆம் ஆண்டில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 78-ஆம் பிரிவாக இருக்கிறது. தனக்கு விருப்பமில்லை என்பதை ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும், அவளோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளும் நோக்கத்தில் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்வதும், தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். அவள் இணையத்தையோ மின்னஞ்சலையோ வேறு மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் அதே பிரிவின் கீழ் குற்றம். ஆபாசச் சொல் இருக்க வேண்டும், மிரட்டல் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் கேட்கவில்லை. மத்தியச் சட்டத்தின்படி முதல்முறை தண்டிக்கப்படுபவருக்கு மூன்றாண்டு வரையிலும், அதே குற்றத்துக்காக மறுபடி தண்டிக்கப்படுபவருக்கு ஐந்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனையும், அத்துடன் அபராதமும் உண்டு. இந்தத் தண்டனை போதாது என்று கருதி, அதைக் கூட்டுவதற்கான திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஜனவரியில் நிறைவேற்றியது.

‘விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அவரை பிளாக் செய்ததே விருப்பமின்மையைக் காட்டுகிறது என்று நான் நீதிமன்றத்தில் வாதிடுவேன். ஆனால் அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல், ஒரே ஒருமுறை எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. ‘நீங்கள் எனக்குச் செய்தி அனுப்புவதை நான் விரும்பவில்லை. இனி எந்த வழியிலும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்ற இரண்டு வாக்கியம் போதும். அவர் மனம் நோகாமல் இருக்க ‘மன்னிக்கவும்’ என்றோ, ‘எனக்கு நிச்சயமாகிவிட்டது’ என்றோ சேர்க்காதீர்கள். காரணம் சொன்னால் காரணத்தோடு வாதாட வருவார். அதற்குப் பிறகு எது வந்தாலும் பதில் அனுப்பக் கூடாது. நாற்பது செய்திகள் வரை பொறுத்துவிட்டு, முடியாமல்போய், ‘ஏன் இப்படி உயிரை வாங்குகிறீர்கள்’ என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால், நாற்பது அனுப்பினால் ஒரு பதில் வரும் என்பதை அவர் கற்றுக்கொள்கிறார். ஒன்று மட்டும் விதிவிலக்கு: கைகலப்பிலோ தற்கொலை மிரட்டலிலோ இறங்கக்கூடியவர் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், அந்த இரண்டு வாக்கியத்தையும் தனியாக அனுப்பாமல் காவல் நிலையத்திலோ வழக்கறிஞரிடமோ பேசிவிட்டு அனுப்புங்கள்.

அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், எந்த எண் அல்லது எந்தக் கணக்கு, என்ன வந்தது, அப்போது உடனிருந்தவர் யார், அதனால் அன்று நீங்கள் என்ன செய்ய நேர்ந்தது என்பதை அன்றன்றே எழுதி வாருங்கள். ‘பயந்து இரண்டாம் பேருந்தில் சென்றேன்’, ‘அரை நாள் விடுப்பு எடுத்தேன்’ என்பவையும் அதில் இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது செய்தி மட்டும் தெரிந்தால் போதாது. எண்ணும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயரை அவர் நாளைக்கே மாற்றிவிடலாம் என்பதால், பிளாக் செய்வதற்கு முன்பு அந்தக் கணக்கின் இணைப்பு முகவரியையும் நகலெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, செய்திகள் வந்த அந்த போன். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற விவரம் இருக்கும். என் கட்சிக்காரர் ஒருவர், வழக்கு நடந்துகொண்டிருந்தபோது தீபாவளித் தள்ளுபடியில் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிவிட்டார். இரண்டு ஆண்டுச் செய்திகள் அதோடு போயின. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் நாளே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சுடிதாரின் நிறம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் நிதானமாக யோசியுங்கள். உங்கள் ஸ்டேட்டஸைப் பார்க்கும் பட்டியலில் அறிமுகமில்லாத எண் இருக்கிறதா, உடன் பணியாற்றும் ஒருவர் எடுத்த குழுப் படம் வெளியாகியிருந்ததா, அல்லது அவரே பேருந்து நிறுத்தத்தில் நின்றாரா? முதல் இரண்டு என்றால் அமைப்புகளில் சரிசெய்துவிடலாம். மூன்றாவது என்றால், அவர் இணையத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார் என்று பொருள். இனி ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் புகார் கொடுங்கள்.

கேள்வி: கணவரைப் பிரிந்து ஒன்றரை ஆண்டாகத் தாய் வீட்டில் இருக்கிறேன். நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிகிறது. ‘நேற்று திருமங்கலம் போனாயே, யாரைப் பார்க்க?’ என்று கேட்கிறார். என் போன் அவர் வாங்கித் தந்தது. அதில் உளவுச் செயலி வைத்திருப்பாரோ என்று பயமாக இருக்கிறது. போனை உடைத்துவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: உடைக்காதீர்கள். அந்த போனிலிருந்து இது குறித்து யாருக்கும் எழுதவும் வேண்டாம், எதையும் அவசரப்பட்டு நீக்கவும் வேண்டாம். கண்காணிப்பு திடீரென்று நின்றுபோனால், நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிரிந்து வாழும் பெண்ணுக்கு அந்த நேரம் ஆபத்தானதாக அமையலாம். முதலில் அம்மாவின் போனையோ தோழியின் போனையோ பயன்படுத்தி ஒரு வழக்கறிஞரிடமோ, மாவட்டத்திலுள்ள ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ பேசுங்கள். பெண்கள் உதவி எண் 181 உங்களை அவர்களோடு இணைத்துவிடும்.

உளவுச் செயலி இருக்கலாம். ஆனால் நான் பார்த்த குடும்ப வழக்குகளில் பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமானதாகவே இருந்திருக்கிறது. திருமணமான புதிதில் கணவர் போட்டுக் கொடுத்த கூகுள் கணக்கு, அதன் கடவுச்சொல் அவரிடமும் இருக்கிறது. அவருடைய பழைய மடிக்கணினியில் உங்கள் வாட்ஸ்அப் இன்றும் திறந்திருக்கிறது. கூகுள் மேப்ஸில் என்றோ ஒருநாள் ‘எங்கே வருகிறாய் என்று தெரியட்டும்’ என்று இருப்பிடப் பகிர்வை இயக்கியது இன்னும் அணைக்கப்படவில்லை. நீங்கள் ஓட்டுகிற காரின் ஃபாஸ்டேக் அவர் எண்ணில் பதிவாகியிருந்தால், சுங்கச்சாவடியைத் தாண்டிய நொடியில் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். திருமங்கலத்துக்குப் போகும் வழியில் சுங்கச்சாவடி இருப்பதால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். வாடகைக் கார் செயலி, உணவு வரவழைக்கும் செயலி, வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி, குழந்தை விளையாடும் டேப்லெட் என்று இருவருக்கும் பொதுவாக இருந்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரியும்போது நகை, சீர் ஆகியவற்றுக்குப் பட்டியல் போடுகிறோம். கடவுச்சொற்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் தேவை என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

வாட்ஸ்அப் அமைப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் உங்களுடையதல்லாத கணினி தெரிகிறதா என்று பார்க்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலும் எந்தெந்தக் கருவிகள் உள்ளே நுழைந்திருக்கின்றன என்ற பட்டியல் இருக்கும். மீட்பு எண்ணாகவும் மீட்பு மின்னஞ்சலாகவும் யாருடையது பதிவாகியிருக்கிறது என்பதை மறக்காமல் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அவர் அந்த எண் வழியாகத் திரும்ப நுழைந்துவிடலாம். உளவுச் செயலியைப் பொறுத்தவரை, ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அனுமதியும் சாதன நிர்வாகி அனுமதியும் பெற்றிருக்கும் செயலிகளின் பட்டியலைத் திறந்து பார்த்து, பெயர் தெரியாத ஏதாவது அங்கே இருந்தாலோ, தீய செயலிகளைக் கண்டறியும் கூகுளின் ‘பிளே ப்ரொடெக்ட்’ பாதுகாப்பு அணைக்கப்பட்டிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீர்வதும் போன் சூடாவதும் மட்டுமே அறிகுறியாகிவிடாது. பழைய போன் எல்லாமே அப்படித்தான்.

சாவிக்கொத்தில் மாட்டும் சிறு டிராக்கர் வில்லைகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அத்தகைய வில்லை ஒன்று உங்களோடு தொடர்ந்து நகர்ந்தால் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் எச்சரிக்கை வரும்படி ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் ஒரு பொது முறையைக் கொண்டுவந்தன. அதில் சேராத ஜிபிஎஸ் கருவிகளும் சந்தையில் இருப்பதால், வண்டி இருக்கைக்கு அடியிலும் குழந்தையின் பள்ளிப் பையிலும் கைவைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கண்டுபிடித்ததைப் படமெடுத்து, காவல் துறையிடம் காட்டிய பிறகே நீக்க வேண்டும். நீக்கும்போது புதிய மின்னஞ்சல், புதிய கடவுச்சொற்கள், இருநிலைச் சரிபார்ப்பு ஆகிய அனைத்தையும் அவர் கைபடாத வேறு போனிலிருந்து செய்யுங்கள். சட்டத்தில் உங்களுக்கு இன்னொரு வலுவான வழியும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, நேரிலோ எழுத்திலோ தொலைபேசியிலோ மின்னணு வழியிலோ உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) அவருக்குப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். அதை மீறுவது தனிக் குற்றம். கணவர் என்பதால் உங்கள் போனைக் கண்காணிக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் சொன்னபோது, திருமணமான பெண்ணை அதிலிருந்து விலக்கி வைக்கவில்லை.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கிறேன். என் படத்தையும் பெயரையும் போட்டு யாரோ ஒரு ஃபேக் ஐடி தொடங்கி, அதில் என் எண்ணையும் கொடுத்துவிட்டார்கள். இரவெல்லாம் அறிமுகமில்லாத ஆண்கள் அழைக்கிறார்கள். அடுத்து மார்ஃபிங் செய்த படம் வரும் என்று மிரட்டலும் வந்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்.
– மாணவி, சேலம்

பதில்: உங்களுக்கு நேர்ந்திருப்பது புதிதல்ல, மகளே, இதை எதிர்த்து வென்றவர்கள் உங்களுக்கு முன்பே இருக்கிறார்கள். ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் அவதூறான செய்திகளை இட்டு, அவர் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, அவருக்குத் தொல்லை அழைப்புகள் வரச் செய்த ஒருவரை, 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டித்தது. அந்தப் பெண் அவருடைய திருமண விருப்பத்தை மறுத்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனையாக அந்த வழக்கு பேசப்படுகிறது. புகார் பதிவானதிலிருந்து ஏறத்தாழ ஏழு மாதங்களில் தீர்ப்பு வந்துவிட்டது. ஸ்மார்ட்போன் இல்லாத அந்தக் காலத்தில், ஒரு பெண் துணிந்து காவல் நிலையத்துக்குப் போனதால் நடந்தது அது.

உங்கள் பெயரில் வேறொருவர் உலவுவதற்கு அதே சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகள் பொருந்தக்கூடும். அவற்றில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. போலிக் கணக்கின் இணைப்பையும் படங்களையும் முதலில் சேமியுங்கள். பிறகு அந்தக் கணக்கின் பக்கத்திலேயே ‘என்னைப் போல நடிக்கிறார்’ என்ற காரணத்தைத் தேர்ந்து புகார் கொடுங்கள். இரண்டு தோழிகளையும் கொடுக்கச் சொல்லுங்கள். ஆள்மாறாட்டம், அந்தரங்கப் படம், மார்ஃபிங் ஆகியவற்றைப் பற்றி பாதிக்கப்பட்டவரே அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்தால் அதை அகற்றுவதற்கு, 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்கு முதலில் 24 மணி நேரம் அவகாசம் அளித்திருந்தன; 2026 பிப்ரவரியில் அது இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் பரவிய வழக்கில், அவற்றை 48 மணி நேரத்தில் அகற்ற 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதையும் சொல்லி வைக்கிறேன்.

அந்தரங்கமான படம் வெளிவரும் என்ற அச்சம் 18 வயது நிறைந்தவருக்கு இருந்தால், ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இலவசச் சேவை உதவும். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்கோவை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குச் சென்று, அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் அடையாளம் கண்டு தடுக்க உதவுகிறது. மிரட்டுபவருக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடி வருவார்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வேறு யாரோ காட்டுவதற்கு முன்பு, அத்தையோ அக்காவோ பேராசிரியரோ உடன் இருக்க, நீங்களே சொல்லிவிடுவது நல்லது. இதைப் படிக்கும் தகப்பன்மார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குற்றம் செய்தவன் எங்கோ நிம்மதியாக இருக்க, மகளின் படிப்பை நிறுத்தினால், அவன் வேண்டியதை நீங்களே முடித்துக் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. ஆன்லைன் விளையாட்டில் பழகிய ஒருவனை ‘அண்ணா’ என்று அழைத்து வந்திருக்கிறாள். அவன் படம் கேட்டு வாங்கி, இப்போது மிரட்டுகிறான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். காவல் நிலையத்துக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடாதா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, இன்றைக்கு உங்கள் மகளை ஒரு வார்த்தைகூடத் திட்டாதீர்கள். அவள் உங்களிடம் சொன்னாளே, அதுவே பெரிய காரியம்; திட்டினால் அடுத்த மிரட்டலை மறைத்துவிடுவாள். ‘அண்ணா’ என்ற சொல்லை நம்பும்படிதான் நாம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம், அந்த நம்பிக்கையை அவன் பயன்படுத்திக்கொண்டிருக்கிறான்.

ஒரு குழந்தையைப் பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் தொடர்ந்து கண்காணிப்பதும் தொடர்புகொள்வதும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவிலேயே குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. படம் வாங்கியது அதைவிடக் கடுமையான பிரிவுகளுக்குள் வரும். ஊருக்குத் தெரியும் என்ற உங்கள் அச்சத்துக்கும் அந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது: மகளின் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே, இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும், அவளுடைய பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இப்போதே அழையுங்கள்.

போனில் இருப்பதை அழிக்க வேண்டாம். அதே சமயம், அந்தப் படத்தைக் கணவருக்கோ தம்பிக்கோ வழக்கறிஞருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். குழந்தையின் அத்தகைய படத்தைப் பரப்புவது யார் செய்தாலும் சட்டச் சிக்கல். போனை அப்படியே அதிகாரியிடம் காட்டினால் போதும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற தனிச் சேவை இருக்கிறது.

கேள்வி: இந்தச் சட்டமெல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா? பழக்கம் முறிந்த பிறகு ஒரு பெண் பல பெயர்களில் எனக்கும், என் அலுவலக மேலாளருக்கும், எனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்கும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 78-ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவர் பெண்ணாகவும் செய்தவர் ஆணாகவும் இருந்தால்தான் பொருந்தும், அது உங்களுக்குக் குறைதான், மறுக்கமாட்டேன். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆள்மாறாட்டப் பிரிவுகள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவான குற்றமுறு மிரட்டல், 356-ஆம் பிரிவான அவதூறு ஆகியவற்றுக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் கூடுதல் தண்டனையும் உண்டு. மேலாளரிடமும் பெண் வீட்டாரிடமும் நீங்களே முந்திக்கொண்டு நடந்ததைச் சொல்லி, வரும் செய்திகளை அழிக்காமல் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆண் என்பதால் சிரிப்பார்களோ என்று புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: புகார் கொடுக்கப் போனேன். ‘பிளாக் பண்ணிட்டுப் போம்மா, கூப்பிட்டுக் கண்டிக்கிறோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் என்ன செய்வது?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: வெறுங்கையோடு திரும்பாதீர்கள் என்பதுதான் முதல் பதில். எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அது எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை ஆகாது, ஆனாலும் இந்தத் தேதியில் நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும். ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்பது பதிலாகாது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இடம் தருகிறது. அதற்கு மேல் இழுத்தடிக்க இடமில்லை. பதிவு செய்ய மறுத்தால் அதே சட்டத்தின் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதிலும் பலனில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. உடனடி ஆபத்து என்றால் 112-ஐ அழையுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் நின்றுவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மத்தியச் சட்டத்தின்படி முதல்முறைப் பின்தொடர்தல் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அவர் கைதானாலும் அன்று மாலையே வீடு திரும்பலாம். எனவே புகார் கொடுக்கும் வாரத்தில் தனியாகப் பயணிக்காமல் இருக்கவும், வழக்கமான நேரத்தையும் பாதையையும் மாற்றிக்கொள்ளவும், அண்டை வீட்டாரிடமும் அலுவலகக் காவலாளியிடமும் அவர் படத்தைக் காட்டி வைக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: நான் ஒரு பெண்ணை உண்மையாகக் காதலிக்கிறேன். அவள் என்னை பிளாக் செய்துவிட்டாள். நான் எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. வேறொரு பெயரில் கணக்கு தொடங்கி அவள் ஸ்டோரியை மட்டும் தினமும் பார்க்கிறேன். அவள் நலமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான். இதுவும் பின்தொடர்தலா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றியதற்காக மகிழ்கிறேன்; கேட்டபடியே பதிலும் சொல்கிறேன். எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு பக்கத்தை ஒருமுறை பார்ப்பது குற்றமல்ல. ஆனால் உங்களுக்குக் கதவைச் சாத்திய ஒருவரை, வேறு பெயரில் நுழைந்து, தினமும், அவருக்குத் தெரியாமல் கவனித்துவருகிறீர்கள். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது என்று 78-ஆம் பிரிவு சொல்வதற்கு மிக அருகில் நிற்கிறீர்கள். திருப்பூர் வாசகிக்குச் செய்தி அனுப்புகிறவரும், தான் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கணக்கை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். அவளுடைய தோழிகளிடம் விசாரிப்பதையும், அவள் கல்லூரிப் பக்கம் போவதையும் நிறுத்துங்கள். முதல் பத்து நாட்கள் கை தானாக போனைத் தேடும். அந்த நேரத்தில் பேசுவதற்கு நண்பன் ஒருவனிடம் முன்பே சொல்லி வையுங்கள். தூக்கமும் படிப்பும் கெடும் அளவுக்கு இருந்தால், மனநல உதவிக்கான 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.